தாத்தாவின் பேனாக்கத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தென்னையில் இந்த முறையும் வெள்ளை ஈ விழுந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்; மனம் அதில் நிற்கவில்லை.

பொங்கலன்று நீ வீடியோவில் பேசியபோது உன் முதுகுக்குப் பின்னால், நீ சேர்த்த பேனாக்கத்திகளை அடுக்கியிருந்த அந்தக் கண்ணாடி அலமாரியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வீட்டைச் சற்று மாற்றி அமைக்கிறோம் என்றாய். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக உன்னிடமிருந்து பேச்சில்லை. உன்னை எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கத்திகளை இப்போது எந்த இடத்தில் வைத்திருக்கிறாய் என்பதுதான் என் கவலை.

ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. பிடியில் உள்ள கொம்பும் எலும்பும் உலர்ந்தால் சுருங்கும். சுருங்கினால் ஆணி அறைந்த இடத்தைச் சுற்றி விரிசல் விடும். எருமைக் கொம்பு என்றால் வளைந்து, பித்தளைத் தகட்டை விட்டு எழும்பவும் செய்யும், பூச்சியும் அரிக்கும். முத்துச்சிப்பிப் பிடிக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் கை தவறிக் கீழே விழுந்தால் சில்லாகப் பெயர்ந்துவிடும். அலகுகள் எல்லாம் பழைய கார்பன் எஃகு, உங்கள் ஊர் ஈரத்தில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டாலே துரு ஏறும். தேங்காய் எண்ணெய் பூசாதே, பிசுக்குப் பிடிக்கும். மடங்கும் மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நாலைந்து முறை திறந்து மூடித் துணியால் துடைத்தால் போதும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு சந்தையின் பழைய இரும்புக் குவியலிலிருந்து துருப்பிடித்த பேனாக்கத்தி ஒன்றை எடுத்து, அலகின் அடியில் தேய்ந்து கிடந்த நட்சத்திரத்தையும் மால்டா சிலுவையையும் நகத்தால் தடவியே ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக் கத்தி என்று கண்டுகொண்டதாக ஒருமுறை எழுதியிருந்தாய். அந்தப் பெயருக்கு உரிய முத்திரை அது என்றும், அதன் பிடி நம் நாட்டுக் கடமான் உதிர்த்த கொம்பு என்றும், உள்ளே பஞ்சு போன்ற சோற்றி குறைந்து கெட்டியாக இருப்பதால் அந்தக் கொம்பு கப்பல் கப்பலாக அங்கே போனது என்றும் நீ எழுதியதை நூலகத்தில் நாலு பேர் முன்னால் வாசித்துக் காட்டினேன். என் மகன் எழுதியது என்று இரண்டு முறை சொன்னேன். அத்தனை நுணுக்கம் தெரிந்த உனக்கு உன் அம்மாவின் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்பது நினைவில் நிற்கவில்லை என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் நாட்டில் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்த பிறகு தந்தப் பொருள்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் பெரும்பாலும் தடை, வைத்திருப்பதற்குத் தடையில்லை என்று படித்தேன். ஆகவே தந்தப் பிடிக் கத்திகள் மூன்றும் உன்னிடமே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். மற்றவை போயிருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பதினைந்து ஆண்டுச் சேகரிப்பை ஒருவன் கைவிடுகிறான் என்றால் அதற்குத் தக்க காரணம் இருக்கும். கிணற்றடி நிலத்தைப் பற்றி நானும் உன் அம்மாவும் பேசி முடித்துவிட்டோம். மாமாவுக்கு இப்போது தெரிய வேண்டாம். உனக்குத் தேவை என்றால் ஒரு வரி எழுது, காரணம் எழுத வேண்டியதில்லை.

மூன்று அங்குலத்துக்குக் குறைந்த, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது என்பாய். இருந்தாலும் வெளியே எடுத்துப் போகாதே. ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதே.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் மடித்து வைத்திருந்தேன். வால்பாறையில் எஸ்டேட் துரை ஊர் திரும்பும்போது தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கத்தியை நீ தொலைக்கவில்லை. நான்தான் அதன் சின்ன அலகால் ரேடியோவின் பின்பலகைத் திருகைக் கழற்றப் பார்த்தேன். நுனி முறிந்துவிட்டது. தாத்தா கேட்டபோது வாய் திறக்கப் பயந்தேன், அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கடைசியாக நீ பென்சில் சீவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக அத்தை சொன்னாள். அதை மறுக்காமல் இருந்ததோடு நிற்காமல், என் அப்பாவின் முன்னால் நல்லவனாக நிற்பதற்காகப் புளியம் விளாரை எடுத்து உன்னை அடித்தேன். மூன்று நாள் வாய்க்கால் மேட்டில் வெயிலில் குனிந்து தேடினாய். சாப்பிடக் கூப்பிட்டபோது கூட, கிடைத்தால்தான் வருவேன் என்றாய். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா போகும்வரை அவரிடமும் சொல்லவில்லை.

நீ முதல் கத்தி வாங்கிப் படம் அனுப்பிய அன்றைக்கே, இவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு வந்த ஒவ்வொரு படத்தையும் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினேன்.

தாத்தாவின் அந்தக் கத்தி என்னிடம்தான் இருக்கிறது. அதை உனக்கு அஞ்சலில் அனுப்பவும் வழியில்லை. அதன் பிடியும் கடமான் கொம்பு; அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப நம் வனவிலங்குச் சட்டம் இடம் தராது. நீ வந்துதான் பார்க்க வேண்டும். பெரிய அலகு இன்னும் 'டக்'கென்று மூடுகிறது, வில் தளரவில்லை. முறிந்த நுனியையும் தாளில் பொதிந்து கூடவே வைத்திருக்கிறேன். இரும்புப் பெட்டியில் என் பழைய வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. சாவி, சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பின்னால். உன் அம்மாவுக்கும் தெரியாது.

அப்பா