கமலிக்கு, யாழினியைப் பற்றி

அன்புள்ள கமலி,

நீ எழுதிய நாவல் கைக்கு வந்து இத்தனை நாளாகியும் வாய் திறக்கவில்லையே என்று திட்டியிருப்பாய். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். ரகு மாமா இன்னும் அதே சட்டைதான். விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நல்லது. உன் நாயகி யாழினியின் பேச்சு அச்சு அசல் உயர்நிலை இரண்டு மாணவி. ஃபாராவோடு சண்டை போடும் பக்கங்களை ரசித்துப் படித்தேன். தேக்கா சந்தையில் பூதம் வரிசையில் நிற்கிறதே, அடிப்பாவி!

கெட்டது என்னவென்றால், மூன்றாம் அத்தியாயத்தில் பாட்டி கொலுசை எடுத்துக் கொடுத்து, “நீ இன்னார் வம்சம்” என்று சொன்ன நிமிஷமே கதை படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் நடக்கிறது. அவளால் எதுவும் நடப்பதில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு தாளை எடு. 22 அத்தியாயத்திலும் கதை திரும்பும் இடத்தை அத்தியாயத்துக்கொரு வரியாக எழுதி, திருப்பியது யார் என்று பக்கத்தில் குறி. எனக்குக் கிடைத்த கணக்கு: பாட்டி 9, கொலுசு 6, கடல் ராஜா 4, யாழினி 3. அந்த மூன்றில் ஒன்று, அவள் தூங்கிப்போனது!

இன்னொரு சோதனையும் இருக்கிறது. எந்தக் காட்சியிலும் யாழினியைத் தூக்கிவிட்டு, அதே வம்சத்தில் பிறந்த வேறொரு பெண்ணை நிறுத்திப் பார். காட்சி மாறாமல் நடந்தால் அங்கே யாழினி இல்லை, வம்சம்தான் இருக்கிறது. ‘நான் யார்’ என்ற கேள்விக்கு ரத்தம் பதில் சொல்லிவிட்டால் பதினாலு வயசுப் பிள்ளைக்குத் தேட என்ன மிச்சம்?

இதற்கு நீ வெளியே எங்கும் போக வேண்டாம். நீயே இழுத்துப் போட்டிருக்கிறாயே படாங், அவனைப் பார். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் அவன் ஓர் அடிமை. வலையில் விழும் மீனை யாரோ தின்றுவிட்டுப் போகிறார்கள். ஒளிந்திருந்து பார்க்கிறான், பூதம். தாடியைப் பிடித்துக்கொள்கிறான். கேட்டதைத் தருகிறேன் என்கிறது பூதம். அப்போது அவன் யோசிக்கிறான் பார், அதுதான் இடம்: செல்வம் கேட்டால் அது எஜமானுக்குப் போய்விடும், ஆகவே பலம் கேட்போம். கிடைக்கிறது, ஆனால் பூதம் கக்கியதைத் தின்ன வேண்டும். தின்கிறான். முதலில் இழப்பு, பிறகு தானே போய்ப் பார்த்தது, தன் நிலைமையைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது, கடைசியில் அருவருப்பான விலை. கலிங்கத்து மல்லனோடு நடந்த போட்டியில் அவன் பாறையைச் சிங்கப்பூர் ஆற்று முகத்துக்கு வீசுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான். நீ வீச்சை மட்டும் எடுத்துக்கொண்டு கக்கலை விட்டுவிட்டாய்.

ஆகவே கொலுசின் சக்தியை மூன்று வரியில் எழுதி மேசைமேல் ஒட்டு: என்ன செய்யும், என்ன செய்யாது, என்ன பிடுங்கிக்கொள்ளும். மூன்றாவது வரியில் ‘களைப்பு’ என்று எழுதாதே. களைப்பு தூங்கினால் தீரும். அவள் ஆசையாக வைத்திருக்கும் ஒன்று போக வேண்டும், ஒவ்வொரு முறையும், திரும்பி வராமல்.

பாட்டியைக் கொல்லாதே. வழிகாட்டியைக் கொன்று பிள்ளையைத் தனியாக விடுவது சோம்பேறி வேலை. பாட்டிக்குப் பாதிதான் தெரியட்டும், அதிலும் ஒரு முக்கியமான விஷயம் தப்பாகத் தெரியட்டும். அதை யாழினி கண்டுபிடிக்கும் அத்தியாயம் உன் நாவலின் நடுவில் வர வேண்டும். பயிற்சி அத்தியாயங்கள் மூன்றிலும் அவள் சீராகத் தேறிக்கொண்டே போகிறாள், பள்ளி முன்னேற்ற அறிக்கை மாதிரி. இரண்டாவதில் தோற்கடி. திறமை போதாமல் தோற்கக் கூடாது. அவசரம் என்ற அவள் குணத்தால் தோற்க வேண்டும். ஃபாரா அங்கே சொன்னது சரியென்று பிறகு தெரிய வேண்டும். இப்போது ஃபாரா கைதட்ட மட்டும்தான் வருகிறாள்.

இனி உச்சக்கட்டம். கதை இன்றைய சிங்கப்பூரில் நடக்கிறது. நீயோ ஆற்று முகத்தில், படாங் வீசியதாகச் சொல்லப்படும் எழுத்துப் பொறித்த சிங்கப்பூர்க் கல்லை முழுசாக நிறுத்திவைத்திருக்கிறாய். 1843-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், தேசிய அரும்பொருளகத்தில் ஒரு துண்டு இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இதுவரை யாரும் படித்ததில்லை என்பது உனக்கு அல்வா. ஆனால் நள்ளிரவில் கடல் பொங்கி ஆற்றில் ஏறுகிறது என்றாயே, ஏறாது கமலி. 2008-இலிருந்து மரினா அணைக்கட்டு குறுக்கே நிற்கிறது. உள்ளே நன்னீர், வெளியே கடல், நடுவில் 9 எஃகுக் கதவுகள். பெருமழையின்போது கடல் இறங்கியிருந்தால் கதவைத் திறந்து வெள்ளத்தை விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் கதவைத் திறக்காமல் 7 ராட்சத பம்புகளால் வெளியே தள்ளுவார்கள்.

இது தொல்லை என்று நினைக்காதே, உனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். கடல் ராஜா தானாக உள்ளே வர முடியாது. யாராவது திறந்தால்தான் உண்டு. பெருமழை, கடல் ஏற்றம், தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறுகிறது, திறக்கச் சொல்லிக் கேட்பது அவளுக்குப் பிடித்த ஒருவர். திறப்பதா, மாட்டேன் என்பதா? அதைக் கொலுசு தீர்மானிக்க முடியாது.

கடைசி அத்தியாயத்தில் அமைச்சர் வந்து பாடாங் திடலில் பதக்கம் குத்துகிறார். எடுத்துவிடு. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. புக்கிட் மேரா, அதாவது செங்குன்று, அதன் பழங்கதையில் வரும் பையனை நினைத்துப் பார். வாள்மீன்கள் கரையிலிருந்தவர்களைத் தாக்கியபோது, வாழைத்தண்டை வரிசையாக நட்டு அவற்றைச் சிக்கவைக்கச் சொன்னான்; ஊர் பிழைத்தது. இவ்வளவு புத்திசாலி வளர்ந்தால் ஆபத்து என்று அரசன் அவனைக் கொல்ல வைத்தான். குன்று சிவந்த கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்கள் உடனே கைதட்டுவார்கள் என்று நீ எழுதினால் நம்ப மாட்டார்கள். யாழினி செய்ததைப் பார்த்து வீட்டிலேயே ஒருவர் பயப்படட்டும். அம்மாவாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பயத்தோடு ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்பதுதான் உன் கடைசி அத்தியாயம்.

முழுசையும் திருத்தாதே, 9 முதல் 11 வரை மட்டும் முதலில் அனுப்பு. கதவு விஷயத்தில் என்ன முடிவெடுத்தாய் என்று வாட்ஸ்அப் குரல்பதிவில் சொல்லித் தொலைக்காதே. எழுதி அனுப்பு, படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
மீனா