எடுப்புப் பக்கம் சொல்லும் காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் தொழில்முனைவோர் பற்றி வந்த சிறப்புப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். பேட்டி கொடுத்த ஆறு பேருமே முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டியவர்கள். எத்தனை ஊழியர்கள், அடுத்த ஆண்டு இலக்கு என்ன, எப்போது வெளிநாட்டுக்குப் போகிறீர்கள் என்றெல்லாம் உங்கள் நிருபர் கேட்டிருக்கிறார். ஏன் தொடங்கினீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்த ஆறு பேரின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தொழில்முனைவு என்றாலே அந்த ஒரு சாயல்தான் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

நான் 26 ஆண்டுகளாகச் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒருவர் ஏன் தொழில் நடத்துகிறார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே அவருடைய கணக்குப் புத்தகம் சொல்லிவிடும். பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. முதலாளி தன் சொந்தச் செலவுக்குத் தொழிலிலிருந்து எடுத்த பணத்தை அதில் பதிவோம். புத்தகத்தில் ‘எடுப்புகள்’, பேச்சில் டிராயிங்ஸ். புதிதாக ஒரு கணக்கு என் மேசைக்கு வந்தால், விற்பனை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன்.

ஒரு பெண்ணின் பேரேடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கையில் இருந்த ஒரே வித்தை தையல் என்பதால் ஒரு இயந்திரம் வாங்கிப் போட்டு உட்கார்ந்தவர். அவருடைய எடுப்புப் பக்கத்தில் தினமும் ஒரு வரி இருக்கும். ஒரு நாள் விட்டது கிடையாது. சில நாட்களில் அன்றைய வரவும் எடுப்பும் ஒரே தொகை. வந்தது அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. பிறகு நிரந்தரச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்ததும் கடையை மூடிவிட்டார். கணக்கை முடிக்க வந்த அன்று, மிச்சம் இருந்த நூல்கண்டுகளைக்கூட எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். கடன் என்று ஒரு வரிகூட இல்லை.

“தொழில்ல தோத்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா” என்றார்.

நான் எடுப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். “ஒன்பது வருஷம் உன் வீடு இதுலதான் ஓடியிருக்கு, பாரும்மா” என்றேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் படிப்பு நிற்கக் கூடாது. அதற்காகத் தொடங்கிய தொழில், அதைச் செய்து முடித்திருக்கிறது. அதை எந்தக் கணக்கில் தோல்வி என்று எழுதுவது?

இதை உலக அளவில் அளந்து பார்ப்பவர்களும் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டார்கள். குளோபல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர் என்ற ஆய்வை 1999இல் அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியும் லண்டன் பிசினஸ் ஸ்கூலும் சேர்ந்து தொடங்கின. பல ஆண்டுகள் அவர்கள் தொழில் தொடங்குபவர்களை இரண்டாகத்தான் பிரித்தார்கள்: ஒரு வாய்ப்பைக் கண்டு இறங்கியவர்கள், வேறு வழியில்லாமல் இறங்கியவர்கள். 2019இல் கேள்வியையே மாற்றினார்கள். உலகத்தில் ஒரு மாற்றம் செய்ய, பெரிய செல்வம் சேர்க்க, குடும்பத் தொழிலைத் தொடர, வேலை கிடைப்பது அரிதாக இருப்பதால் பிழைக்க என்று நான்கு காரணங்கள். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்டதற்கு ‘ஆம்’ சொல்லலாம். அதுதான் எனக்குப் பிடித்தது. அந்தத் தையல்காரப் பெண் முதல் ஆண்டு பிழைப்புக்காகத்தான் தைத்தார். ஐந்தாவது ஆண்டில் தான் தைத்த துணி கண்ணில் பட்டால், யார் தைத்தது என்று கேட்காமலே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையாகச் சொல்வார். பிழைப்பு, பெருமை இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன.

அந்த நான்கிலும் அடங்காத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்காலி செய்பவர். ஆணியே அடிக்காமல் மரத்துக்குள் மரம் பொருத்திச் செய்வார். முடித்ததும் கவிழ்த்துப் போட்டு, இருக்கையின் அடியில் பென்சிலால் தேதி எழுதுவார். அவருடைய பேரேட்டில் எடுப்பு குறைவு, கருவி வாங்கிய செலவு அதிகம். வருமானம் சரிந்த ஆண்டில்கூட நான்கு உளிகள் வாங்கியிருந்தார். “போன வருஷம் வாங்கினது இருக்கே?” என்று கேட்டேன். ஒவ்வொன்றின் வாய் அகலத்தையும் விரலால் காட்டி அரை மணி நேரம் விளக்கினார்.

அவரிடம் ஒரு ஆலோசகர் போய், இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஏன் இப்படிச் சின்னதாகவே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதைக் கேட்டு நாற்காலிக்காரர் கடன் வாங்கி, கூடத்தை விரித்து, பெரிய இயந்திரம் போட்டு, ஏழு பேரை வேலைக்கு வைத்தார். இரண்டு ஆண்டுகள். விற்பனை ஏறியது, எடுப்பும் ஏறியது. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றிதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் கருவிச் செலவில் ஒரு உளிகூட இல்லை. ஆண்டுக் கணக்கில் கையெழுத்துப் போட வந்தபோது, நகக்கண்ணில் மரத்தூள் இல்லாமல் அவரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். “நான் இப்ப மரத்தையே தொடறதில்லம்மா. காலையிலேர்ந்து போன்லயே போகுது” என்றார். அப்புறம் ஏழு பேருக்கும் வேறு பட்டறைகளில் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, இயந்திரத்தை விற்றுக் கடனை அடைத்தார். அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் வந்த முதல் செலவு ஒரு சாணைக்கல்.

இவரைப் போன்றவர்களை 1967இலேயே அமெரிக்க ஆய்வாளர் நார்மன் ஸ்மித் தனி வகையாகப் பார்த்திருக்கிறார். கைத்தொழில் பிடித்ததால் முதலாளி ஆனவர் ஒரு வகை, வாய்ப்பைத் தேடி வளர்த்துக்கொண்டே போகிறவர் இன்னொரு வகை. முதல் வகையினரின் நிறுவனங்களை அவர் இறுக்கமானவை என்று வகைப்படுத்தினார். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. நாற்காலிக்காரர் இறுகிப் போனவர் அல்ல. எது தனக்குப் போதும் என்று தெரிந்தவர்.

வளர்ச்சியே குறியாக இருப்பவர்களுக்கும் நான் கணக்கு எழுதியிருக்கிறேன். ஒருவருடைய எடுப்புப் பக்கம் மூன்று ஆண்டுகள் வெறுமையாகவே இருந்தது. வீட்டுச் செலவை மனைவியின் சம்பளத்தில் பார்த்துக்கொண்டு, வந்த லாபம் முழுவதையும் திரும்பத் தொழிலிலேயே போட்டார். பணத்தாசை என்று சிலர் சொன்னார்கள். பணத்தாசை உள்ளவர் மூன்று ஆண்டுகள் ஒரு காசு எடுக்காமல் இருப்பாரா? பொருளியல் அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதைச் சொல்லிவிட்டார். தனக்கென ஓர் அரசை நிறுவும் கனவு, ஜெயிக்க வேண்டும் என்ற வேகம், ஒன்றைப் படைக்கும் மகிழ்ச்சி, இவைதான் இப்படிப்பட்டவர்களை ஓட்டுகின்றன என்று. ஆனால் இந்த ஆசைகளும் ஒன்றோடொன்று மோதும். 212 அமெரிக்க ஸ்டார்ட்அப் நிறுவனங்களை ஆராய்ந்த நோம் வாசர்மன் என்ற ஆய்வாளர், நிறுவனத்துக்கு மூன்று வயதாவதற்குள் அதைத் தொடங்கியவர்களில் பாதிப் பேர் தலைமைப் பொறுப்பில் இல்லை என்று 2008இல் எழுதினார். பெரும் செல்வம் வேண்டுமென்றால் பல நேரங்களில் தலைமை நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நாற்காலிதான் வேண்டுமென்றால் செல்வம் குறைகிறது. இரண்டில் எது வேண்டும் என்று தொடங்கும்போதே தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாதவர்கள், முதலீட்டாளர்கள் வந்த பிறகு கண் கலங்குவதை என் மேசைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன்.

சொந்தமாக நிறுவனம் இல்லாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டுபிடித்த, இறுக ஒட்டாத பசைக்கு என்ன பயன் என்று பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை. தேவாலயத்தில் பாடும்போது பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருந்த எரிச்சலில், அங்கேயே வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரைக்கு அந்தப் பசை ஞாபகம் வந்தது. 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த, ஒட்டி எடுக்கும் போஸ்ட்-இட் குறிப்புத் தாள் அப்படிப் பிறந்ததுதான். இருவருமே மாதச் சம்பளக்காரர்கள்.

சக்கர நாற்காலி பழுது பார்க்கும் ஒரு இளைஞரின் பில் புத்தகத்தில் சில பில்களின் குறுக்கே ‘வசூலிக்க வேண்டாம்’ என்று எழுதியிருக்கும். வருகிறவர்களில் யாரால் பணம் கொடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களிடம் சரியான கூலி வாங்கிவிடுவார். தொழிலும் நிற்கவில்லை, நாற்காலிகளும் நிற்கவில்லை.

எல்லாக் காரணமும் நல்ல காரணம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஒரே முகவரியில் மூன்று நிறுவனங்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று பில் போட்டுக்கொள்ளும், பொருள் எங்கேயும் நகராது. அப்படி ஒரு கணக்கு என்னிடம் வந்தது. எழுத மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆளும் சுறுசுறுப்பானவர்தான், புத்திசாலிதான். வில்லியம் பாமல் என்ற பொருளியல் அறிஞர் 1990இல் எழுதியதுபோல, முனைப்பு உள்ளவர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள். எதற்குப் பலன் கிடைக்கும்படி ஒரு சமூகம் விதிகளை வைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் போவார்கள். அது ஆக்கமாகவும் இருக்கலாம், அழிவாகவும் இருக்கலாம்.

என் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில்தான் முதலில் இருந்தேன். அப்பா படுத்த படுக்கையானபோது மதியம் இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போய் வர அனுமதி கேட்டேன். இரவு உட்கார்ந்து ஈடுகட்டுகிறேன் என்றும் சொன்னேன். மறுத்துவிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் தொழில்முனைவோர் ஆனேன். அப்பா போன பிறகும் திரும்பச் சம்பள வேலைக்குப் போகவில்லை. என் நேரம் என் கையில் இருப்பது பழகிவிட்டது. பார்டன் ஹாமில்டன் என்ற பொருளியல் ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 10 ஆண்டுகள் சொந்தத் தொழில் செய்தவரின் இடைநிலை வருமானம் (எல்லாருடையதையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), அதே காலம் சம்பள வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு என்று கண்டார். குறைவு என்று தெரிந்தும் தொடர்கிறார்கள் என்றால், பணம் அல்லாத வேறொன்று அவர்களுக்குக் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது, அப்பாவுக்குக் கடைசி வரை மதியச் சாப்பாட்டை என் கையால் ஊட்டியது. அது எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த சிறப்புப் பக்கங்களில் பத்து வருடம் இரண்டே பேரோடு நடக்கும் ஒரு பட்டறைக்காரரையும், வேலை போனதால் தொடங்கியவரையும், நல்லபடியாகக் கணக்கை முடித்துவிட்டுத் தொழிலை மூடியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை ஊழியர்கள் என்று கேட்பதற்கு முன்னால், எதற்காகத் தொடங்கினீர்கள், அது கிடைத்ததா என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள். அதுவரை உங்கள் நிருபரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதும் ஒரு வாசகி