தாலி கட்டும் நேரத்தில் "இங்கே பாருங்க" வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கோயில் மண்டபக் கல்யாணங்களில் ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனதும், "அப்படியே இருங்க, இங்கே பாருங்க" என்று படக்காரர் நிறுத்துகிறார். கெட்டிமேளம் முழங்க, மணமக்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதே நொடியில் கண்ணைத் துடைத்த பெண்ணின் அப்பா எந்தப் படத்திலும் இல்லை. என்னைப் போன்ற கல்யாணப் படக்காரர்கள் இதைக் கைவிட வேண்டும்.

எதிர்பாராத நொடி தயாராக இருப்பவருக்கே அகப்படும். முகூர்த்தத்துக்கு முன்பே குருக்களிடம் சடங்கு வரிசையைக் கேளுங்கள். நாத்தனார் எந்தப் பக்கம் நின்று முடிச்சுப் போடுவார் என்பதையும் சேர்த்து. கெட்டிமேளத்துக்குக் குருக்கள்தான் சைகை காட்டுவார். தவில்காரரின் பார்வை அவர் மேலேயே இருக்கும். நாமும் அவரையே கவனித்தால் ஓரிரு நொடி முன்னதாகத் தெரிந்துவிடும்.

அதிகமான படங்கள் கெடுவது அட்சதை பறக்கும்போதுதான். ஃபோகஸ் பகுதியைப் பரப்பி வைத்திருந்தால் கேமரா முன்னால் விழும் அரிசியையும் பூவிதழையும் பிடித்துக்கொள்ளும், முகம் மங்கிப்போகும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியை மணப்பெண்ணின் கண்ணில் வைத்து, கேமராவின் பின்பொத்தானால் ஃபோகஸை முன்கூட்டியே பூட்டிவிடுங்கள். ஹோமப் புகைக்கும் இதே வழிதான். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே இறங்க வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400 வரை ஏறினாலும் பரவாயில்லை: அதனால் படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், அசைந்த முகத்தைத் திருத்த முடியாது.

ஓசை வராமல் இருக்க எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போடுகிறவர்கள் மண்டபத்து எல்இடி விளக்குகளை மறந்துவிடுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும், படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். மெக்கானிக்கல் ஷட்டரும் கேமராவின் ஃப்ளிக்கர் (விளக்குத் துடிப்பு) தடுப்பும் போட்டால் பெரும்பாலும் தப்பலாம். ஃப்ளாஷை முழு விசையில் அடித்தால் மறுபடி மின்னேறச் சில விநாடி பிடிக்கும், அதற்குள் சிரிப்பு போய்விடும். கால் பங்கு விசையே போதும். கேமரா தானாக அணையும் நேரத்தையும் நீட்டி வையுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து நேரே இறங்கினால் லென்ஸில் ஈரம் படியும். அரை மணி நேரம் முன்பே வந்து, மூடிய பையோடு மண்டபத்தில் வைத்துவிட வேண்டும்.

இரண்டு பேர் எடுப்பதானால் ஒருவர் மணவறைப் பக்கவாட்டில் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸோடு சபையை மட்டும் பார்க்கட்டும். தாய்மாமன், பாட்டி எங்கே உட்காருவார்கள் என்பதை வீட்டார் அவருக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். கைப்பேசியோடு மணமேடை ஏறும் உறவினர்களையும் வீட்டார்தான் தடுக்க முடியும். நாங்கள் சொன்னால் மனவருத்தம் வரும். கேமராவைப் பார்த்து நின்று எடுத்துக்கொள்ளும் படங்களுக்கு, விருந்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

கல்யாணப் படக்காரர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு