ஆர்னிஸ்டனிலிருந்து அக்காவுக்கு

அக்கா,

அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு நீ வரமாட்டாய் என்று சித்தி சொன்னா. காரணத்தை இங்கே எழுதமாட்டேன். எங்கட ஆட்களும் இதை வாசிக்கிறார்கள்.

நான் தென்னாபிரிக்காவில், அகுல்யாஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் இருக்கிறேன். பக்கத்திலேயே காஸிஸ்பாய் என்ற மீனவக் குடியிருப்பு: வெள்ளையடித்த சுவர், புல் வேய்ந்த கூரை. கடல் வற்றும்போது மட்டும் போகக்கூடிய பெரிய குகையும் உண்டு. உனக்குப் பிடித்திருக்கும். உன்னைக் கேட்காமல் வந்ததற்குக் கோபிக்காதே. கேட்டிருந்தாலும் நீ பதில் போட்டிருக்கமாட்டாய்.

இந்த ஊருக்கு ஆர்னிஸ்டன் என்ற பெயர் இங்கே உடைந்த கப்பலால் வந்தது. இலங்கையிலிருந்து காயப்பட்ட சிப்பாய்களோடு இங்கிலாந்துக்குப் போனது. தீர்க்கரேகை கணிக்கும் கடிகாரத்துக்குக் காசு செலவழிக்க முதலாளிமாருக்கு மனம் வரவில்லை. நன்னம்பிக்கை முனையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி வடக்கே திருப்பினார்கள். தாண்டவில்லை. 1815 மே 30. 378 பேரில் தப்பியது 6 பேர்.

நினைவுக்கல்லில் நாலு சகோதரர்களின் பெயர். ஒரு படை அதிகாரியின் பிள்ளைகள். மூத்தவனுக்கு 13, கடைசிக்கு 7. தாய் தகப்பன் அந்தக் கப்பலில் இல்லை. கல்லை வைத்தது தாய்தான்.

13 என்று வாசித்ததும் கட்டுநாயக்கா விமான நிலையம்தான் நினைவுக்கு வந்தது. அம்மா என் கையை எடுத்து உன் கையில் வைத்தா. அழவில்லை. உன் சட்டைக் கொலரைத்தான் இரண்டு தரம் சரிசெய்தா. அப்புறம் ஏஜென்சிக்காரனோடு காசு பேசப் போய்விட்டா. நீ என் கையை விடவேயில்லை, விமானத்தில் சாப்பிடும்போதுகூட. ஒற்றைக் கையால் எனக்குப் பாணைப் பிய்த்துத் தந்தாய்.

அம்மா எங்களைத் தள்ளிவிட்டா என்று நீ சொல்வாய். போய்ச் சேர்ந்ததால்தானே சொல்ல முடிகிறது? சேராமல் போயிருந்தால் அவவும் ஒரு கல் வைத்திருப்பா, ஊரே அழுதிருக்கும். சரி, 13 வயதில் உனக்குத் தாய் வேலை தந்தது நியாயமில்லை. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அந்தக் கணக்கை என்னிடம் ஏன் வசூலிக்கிறாய்? நானா கேட்டேன்?

யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். எனக்கு மட்டும். இந்த முறை உன்னைக் கெஞ்சப் போவதில்லை.