முதலில் வந்தது யானை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் சிறுவர் பகுதியில் டெடி கரடி பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். 1902 நவம்பரில் மிசிசிப்பி காட்டில், கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தார் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். கிளிஃபர்ட் பெரிமேன் அதைக் கேலிச்சித்திரமாக வரைய, புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டமும் அவர் மனைவி ரோஸும் ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரான 'டெடி' என்ற பெயரில் துணிக்கரடி தைத்தார்கள். இதெல்லாம் சரி. பக்கத்தில் இருந்த படத்தின் கீழே 'டெடி கரடியை உருவாக்கிய மார்கரெட்டே ஸ்டைஃப்' என்று போட்டிருந்தீர்கள். அதுதான் தவறு. அவருடைய ஜெர்மன் பொம்மை நிறுவனமான ஸ்டைஃபின் கரடியை வடிவமைத்தவர் அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட். அந்தக் கரடியில் அத்தைக்கு முதலில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை என்றே சொல்வார்கள்.

மார்கரெட்டே செய்தது வேறு. கரடி வருவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே, துணியால் தைத்த பொம்மையை ஒரு தொழிலாக நிலைநிறுத்திவிட்டார்.

ஜெர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் 1847 ஜூலை 24 அன்று பிறந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் செயலிழந்தன. வலது கையிலும் வலுவில்லை. இதைச் சொல்லிப் பரிதாபப்பட்டுவிட்டுக் கட்டுரையை முடிப்பவர்கள் அதிகம். தையல்காரர்கள் கவனிக்க வேண்டியது அவர் மெஷினை என்ன செய்தார் என்பதை. தையல் மெஷினில் கைச்சக்கரம் வலப்பக்கம் இருக்கும். அவர் மெஷினை அப்படியே திருப்பி வைத்துக்கொண்டார். சக்கரம் இடது கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஊசிக்குக் கீழே உள்ள பல் துணியைத் தள்ளும் திசையும் மாறிவிடும்: நமக்கு எதிர்ப்புறமாக ஓடுகிற துணி, அவருக்கு மடியை நோக்கி வரும். அந்தத் தலைகீழ் ஓட்டத்தில் நேர்த்தையல் போடப் பழகியவர் அவர்.

1877-ல் ஃபெல்ட் துணியில் உள்பாவாடையும் மேலுடையும் விற்கும் கடையைத் தொடங்கினார். உறவினரின் ஃபெல்ட் ஆலை ஊரிலேயே இருந்தது. ஃபெல்ட் நெய்த துணி அல்ல. கம்பளி மயிரை வெந்நீரிலும் அழுத்தத்திலும் திரட்டிச் செய்வது. அதனால் வெட்டிய விளிம்பில் நூல் பிரியாது. இந்த ஒரு குணம்தான் பொம்மைக்கு வழி திறந்தது. சாதாரணத் துணியில் தும்பிக்கை தைத்தால் உள்பக்கமாகத் தைத்து, பிறகு விரல் நுழையாத குழாயை வெளியே புரட்ட வேண்டும், பாதி கிழிந்துவிடும். ஃபெல்ட்டை விளிம்போடு விளிம்பு வைத்து வெளிப்பக்கமே தைக்கலாம், புரட்டவே வேண்டாம். குறையும் உண்டு: கம்பளி என்பதால் அந்துப்பூச்சிக்குப் பிடித்த தீனி.

'மோடவெல்ட்' என்ற பெண்கள் பத்திரிகையின் 1879 டிசம்பர் இதழில் குட்டி யானை ஒன்றின் வெட்டுமாதிரி வந்தது. அதை வைத்துக் குண்டூசி செருகும் மெத்தையாகத்தான் தைத்தார். பிள்ளைகள் அதைப் பிடுங்கி விளையாட ஆரம்பித்தார்கள். மரமும் பீங்கானும் பொம்மையாக இருந்த காலத்தில், கீழே போட்டால் உடையாத, கட்டிக்கொண்டு தூங்கக்கூடிய ஒன்று கிடைத்தது. 1886 முடிவதற்குள் 5,000-க்கும் அதிகமான யானைகள் விற்றிருந்தன. 1893-ல் நிறுவனம் ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலையாகவே பதிவானது. புதிதாக எது வந்தாலும் முதல் மாதிரியைத் தன் கையால் தைத்துப் பார்ப்பார். எங்கே தையல் இழுக்கிறது, எங்கே அடைப்பு இறங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும். 'குழந்தைகளுக்கு மிகச் சிறந்ததே போதுமானது' என்ற அவருடைய வாக்கியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை நடைமுறைப்படுத்திய வழி இந்த முதல் மாதிரிதான்.

இப்போது கரடிக்கு வரலாம். ரிச்சர்டின் 1902 கரடிக்குப் பெயர் '55 பிபி': 55 சென்டிமீட்டர் உயரம், பிளஷ் (முடி வைத்து நெய்த) துணி, அசையும் கைகால் என்பதன் ஜெர்மன் சுருக்கம். மறு ஆண்டு லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அந்த முதல் மாதிரியில் ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. கைகாலை உடம்போடு இணைக்கக் கயிற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள்; ஆட்ட ஆட்டக் கயிறு தளர்ந்து கை தொங்கிவிடும். அடுத்து உள்ளே இரும்புக் கம்பி வைத்தார்கள். தளரவில்லை, ஆனால் கரடி கனத்தது, விறைத்தது. பிறகுதான் அட்டை வட்டு வந்தது: கைக்குள் ஒன்று, உடம்புக்குள் ஒன்று, நடுவே காட்டர் பின் (இரண்டு நுனி கொண்ட உலோகப் பின்), இரு பக்கமும் வாஷர். பின்னின் இரு நுனிகளையும் சுருட்டி இறுக்குகிற அளவில்தான் கரடியின் ஆயுள் இருக்கிறது. இழுவை குறைந்தால் கை தொளதொளக்கும், கூடினால் அட்டை நசுங்கும். கையால் தைக்கும் கரடிகள் பலவற்றுக்கு இன்றும் இதே மூட்டுதான்.

இந்தக் கரடிகளின் மேல்துணி மொஹேர். அது அங்கோரா ஆட்டின் முடியில் நெய்த துணி. வெட்டும்போது பின்பக்கத்திலிருந்து, கத்தரியின் நுனியை மட்டும் நுழைத்து, அடித்துணியை மட்டும் வெட்ட வேண்டும். முடியையும் சேர்த்து வெட்டினால் தையல் ஓரம் நெடுக வழுக்கை விழும். முடியின் சாய்வு தலையிலிருந்து பாதம் நோக்கி இருக்க வேண்டும். வெட்டுமாதிரியை ஒருமுறை நேராகவும் ஒருமுறை கவிழ்த்தும் வரையாவிட்டால், கரடிக்கு இரண்டும் இடது காலாகவே அமையும். (புதிதாகத் தைக்க வருபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழை.) மூக்கிலிருந்து பிடரி வரை போகும் நடுப்பட்டியைத் துணியில் அடுக்கும்போது, ஏறக்குறைய ஏழாவது கரடிக்குத் துணி போதாது, இரண்டு துண்டாக இணைப்பார்கள். முகத்தின் நடுவே தையல் ஓடும் அந்தக் கரடிக்குத்தான் இன்று சேகரிப்பாளர்களிடம் கூடுதல் விலை!

அடைப்பு, பஞ்சு அல்ல. நூல்போலச் சீவிய மரச்சுருள். மூக்கு நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியால் குத்தி இறுக்குவார்கள். மூக்கு கல்போல இருந்தால்தான் அதன்மேல் போடும் எம்பிராய்டரி நிற்கும். கழுத்தில் வெற்றிடம் விட்டால் ஆறு மாதத்தில் தலை கவிழும்.

கரடி விற்க ஆரம்பித்ததும் போலிகள் வந்தன. 1904-ல் ரிச்சர்டின் சகோதரர் ஃபிரான்ஸ், காதில் உலோகப் பொத்தான் அடிக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். முதல் பொத்தானில் இருந்தது கரடி அல்ல, தும்பிக்கை தூக்கிய யானை! 1907-ல் 400 தொழிலாளர்களும், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்த 1,800 பேரும் சேர்ந்து 9 லட்சத்து 74 ஆயிரம் கரடிகளைச் செய்தார்கள். 1903-ல் எழுப்பிய தொழிற்சாலை, சுவருக்குப் பதில் இரட்டைக் கண்ணாடியும் எஃகுச் சட்டமும் கொண்டது. தையலுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதே காரணம். மார்கரெட்டேயின் சக்கர நாற்காலி மாடி ஏறச் சாய்தளமும் இருந்தது. உள்ளே பெண்கள் வேலை செய்வது தெரிந்ததால் ஊரார் அதைக் 'கன்னியர் மீன்தொட்டி' என்று கேலி செய்தார்கள். மார்கரெட்டே 1909 மே 9 அன்று நிமோனியாவில் இறந்தார். கட்டடம் இன்றும் நிற்கிறது.

பட வரியை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். கூடவே ஒரு குறிப்பும் போட்டால் நல்லது: யார் வீட்டிலாவது மரச்சுருள் அடைத்த பழைய கரடி இருந்தால் தண்ணீரில் முக்க வேண்டாம். மரச்சுருள் ஊறி உப்பும், அட்டை வட்டு கூழாகும், காட்டர் பின் துருப்பிடித்து முடியில் கறை ஏறும். ஈரத்தைப் பிழிந்த துணியால் முடியின் மேற்பரப்பை மட்டும் துடைத்து, நிழலில் காயவிட்டால் போதும். காதில் பொத்தான் இருந்தால் அதைப் பளபளக்கத் தேய்க்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
துணிபொம்மை தைக்கும் தொழிலில் உள்ள சிலர்,
கோவை