மாதுளங்குச்சி துளிர்த்தது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குமுளி மலைப் பக்கமிருந்து சாரல் வந்துகொண்டே இருக்கிறது, துணிதான் காயமாட்டேன் என்கிறது. நீ நட்ட மாதுளங்குச்சி துளிர்விட்டுக் காய்ந்துபோச்சு என்று போனில் சொன்னது பாதி காதில் விழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

துளிர்விட்ட குச்சி காய்ந்துபோனதற்கு உன் கைராசி காரணமில்லை. துளிர் வந்துவிட்டால் வேரும் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். குச்சிக்குள் சேர்ந்திருக்கும் சத்தை வைத்துத்தான் முதல் இலைகள் வரும். வேர் பெரும்பாலும் அப்புறம்தான், அதுவும் மெதுவாக. நீ இலையைப் பார்த்த சந்தோஷத்தில் தொட்டியை வெயிலில் வைத்திருப்பாய். மெட்ராஸ் வெயிலில் இலை ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், கீழேயிருந்து தண்ணீர் எடுத்துக்கொடுக்க வேர் கிடையாது. காயாமல் என்ன செய்யும்?

இந்த முறை இலை வந்தாலும் நிழலிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலை பாதியாக வெட்டி மேலே கவிழ்த்துவிடு, ஈரம் நிற்கும். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்துகொள். தினமும் ஊற்றாதே, தண்ணீர் தேங்கினால் அடி அழுகிவிடும். இரண்டு மாதமாவது பொறு. தொட்டியின் அடித்துளையில் வேர் தெரிந்தால் சரி. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, பிடுங்கிப் பார்க்கிற ஆள் அவராகத்தான் இருக்கும்.

இளந்தண்டு வேண்டாம். பென்சில் பருமனில் முற்றின குச்சியாக, நாலைந்து கணு இருக்கிற மாதிரி எடுக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினால், வேர் அங்கேதான் நன்றாகப் பிடிக்கும். இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகட்டும்.

மாதுளை சலித்துவிட்டால் அத்தி வை, அது சுலபமாகப் பிடிக்கும். வெட்டும்போது வடிகிற பால் கையில் பட்டால் கழுவிவிடு, வெயிலில் போனால் தோல் புண்ணாகும். மல்பெரி என்றால் பழம் பிடித்த செடியிலிருந்தே குச்சி வாங்கு. ஆண் செடியில் எடுத்தால் எத்தனை வருஷம் ஆனாலும் இலைதான் மிச்சம். கொய்யாவுக்குக் குச்சி சரிப்படாது, பதியம் போட வேண்டும், அதாவது கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைத்து அப்புறம் வெட்ட வேண்டும்.

தோட்டத்தில் கொடிகளை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்து பன்னீர் திராட்சைக் குச்சி மலைபோல் கிடக்கிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, ஏதோ அவர் பேருக்கே பட்டயம் கொடுத்த மாதிரி. பால்கனிக் கம்பியில் கொடி ஏறும் என்றால் சொல், அதிலும் கொஞ்சம் வைக்கிறேன்.

சித்தப்பா வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறார். மாதுளை, அத்திக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்துவிடுகிறேன். நுனியைச் சாய்வாகவும் அடியை நேராகவும் வெட்டியிருப்பேன், தலைகீழாக ஊன்றிவிடாதே. வந்த அன்றே நட்டுவிடு. சாக்கைத் திருப்பி அனுப்பு, அது உன் அப்பா உர மூட்டைக்கு வைத்திருந்தது.

அம்மா