கடலில் நடந்த குற்றம்: இடத்தை முதலில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலில் தாக்குதல், கொலை, கப்பல் மோதல் என்று செய்தி வரும்போதெல்லாம் ‘நடுக்கடலில்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். செய்தியில் அது போகட்டும். முதல் தகவல் அறிக்கையிலும் அப்படியே எழுதினால், எந்த நீதிமன்றம் என்ற கேள்வியிலேயே வழக்கு நின்றுவிடும்.

கரையின் அடிக்கோட்டிலிருந்து (கடல் தூரத்தை அளக்கத் தொடங்கும் கோடு) 12 கடல் மைல் (22.2 கி.மீ.) வரை நம் எல்லை. அதற்குள் நடந்தால் கரையில் நடந்த மாதிரிதான்; உள்ளூர் காவல் நிலையம், உள்ளூர் செஷன்ஸ் நீதிமன்றம். எந்த மாவட்டத்துக் கடல் என்பதில் ஐயம் இருந்தாலும் பாதகமில்லை, இரண்டில் ஒன்று விசாரிக்கலாம் (பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்ற நடைமுறைச் சட்டம், பிரிவு 198).

12-ஐத் தாண்டினால்தான் சிக்கல். 2012 பிப்ரவரி 15 அன்று ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து அந்நாட்டுக் கடற்படையினர் இருவர் சுட்டதில் ‘செயின்ட் ஆன்டனி’ படகின் மீனவர்கள் இருவர் இறந்தனர். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். இடம் கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல். கேரள போலீஸ் வழக்குப் பதிந்து கைதும் செய்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, மத்திய அரசே தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-இல் சர்வதேச தீர்ப்பாயம் அந்தக் கடற்படையினர் இருவருக்கும் விலக்குரிமை உண்டு, இந்தியா அவர்கள் மீது வழக்கு நடத்த முடியாது என்றது. 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021 ஜூனில் இங்கே வழக்கு முடிந்தது.

குற்றவாளி இந்தியர் என்றாலோ, இந்தியாவில் பதிவான கப்பலில் நடந்தது என்றாலோ அதே பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவு 208 இருக்கிறது. ஆள் பிடிபடும் இடத்திலோ வழக்குப் பதிவான இடத்திலோ விசாரிக்கலாம். ஆனால் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்ற விசாரணை நகராது. புலன் விசாரணைக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆகவே அனுமதி வரட்டும் என்று போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அனுமதிக் கோரிக்கையைத் தாமதிக்கவும் கூடாது.

இத்தனைக்கும் அடிப்படை, சம்பவம் நடந்த நிமிடத்தில் ஜி.பி.எஸ். கருவியில் போடும் பாயிண்ட், அதாவது படகு நிற்கும் இடத்தின் குறி. அதைச் சேமித்து, திரையைத் தேதி, நேரம் தெரிய செல்போனில் படம் எடுத்து, வி.எச்.எப். ரேடியோவின் 16-ஆவது சேனலிலோ 1554 (கடலோரக் காவல் படை), 1093 (கடலோரப் போலீஸ்) எண்களிலோ உடனே சொல்ல வேண்டும். கருவியில் 8 டிகிரி 30.50 நிமிடம் என்று இருப்பதை ஸ்டேஷனில் ‘8-30-50’ என்று எழுதினால் அது 50 விநாடி ஆகிவிடும். உண்மையில் 30 விநாடிதான். அட்சரேகையில் இந்தப் பிழை மட்டுமே 600 மீட்டருக்கு மேல். 12 மைல் கோட்டருகே எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதும். துறைமுகத்திலிருந்து ஓடிய தூரத்தை எழுதுவதும் தவறு. படகு சாய்வாக ஓடியிருந்தால் 18 மைல் ஓட்டம்கூட கரையிலிருந்து 11 மைலாக இருக்கலாம். பாக் நீரிணையில் 12 மைல் கணக்கே உதவாது. அங்கே 1974-இல் இலங்கையோடு வகுத்த கோடுதான் எல்லை.

வெளிநாட்டுக் கப்பல் மோதிவிட்டு நிற்காமல் போவது தனி ரகம். 12 மைலுக்கு வெளியே என்றால், ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 97-ஆவது பிரிவுப்படி கேப்டன் மீது குற்ற வழக்கு நடத்துவது கப்பலின் கொடி நாடோ (அது பதிவான நாடு) அவருடைய சொந்த நாடோதான். இழப்பீட்டு வழி மட்டும் திறந்திருக்கிறது. கப்பல் மீதான உரிமை வழக்குகளுக்கான 2017 அட்மிரால்டி சட்டப்படி, கப்பல் தமிழகத் துறைமுகத்தில் நிற்கும்போதே சென்னை உயர் நீதிமன்றத்தில் அதைப் பிடித்து வைக்க உத்தரவு வாங்க வேண்டும். எந்தக் கப்பல் என்று ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் தானாக அனுப்பும் கருவி) பதிவில் தேடவும் அந்தப் பாயிண்டும் நேரமும்தான் வேண்டும்.

இப்படிக்கு,
கடல்சார் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்,
தூத்துக்குடி